கல்லா, குடல்வாலா

மனிதக் கையொன்றின் எலும்புகளை நான் முதன்முதலாகப் பார்த்தது சேலத்தில், ஒரு வீட்டு மாடியின் சன்னல் வெளிச்சத்தில். கறுப்பாக, வழவழப்பாக, பிடித்த இடத்தில் வளைந்து ஆடிய ஒரு பிலிமில் ஐந்து விரல்களும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. ஒரு விரலின் எலும்பைச் சுற்றி வளையம் ஒன்று எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அதைத் தூக்கிப் பிடித்திருந்த டாக்டர் தம் இடது கையை அதன் பக்கத்தில் விரித்து வைத்து, "இதுதாம்மா அது" என்றார். அவருடைய விரலில் மோதிரம் இருந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். பிலிமையும் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். உயிரோடு நிற்கிற ஒருவரின் தோலையும் சதையையும் தாண்டி உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டோம் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னால் பெஞ்சில் என் அக்கா வலியில் புரண்டுகொண்டிருந்தார். அந்த வலியின் காரணத்தையும் இப்படி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் எங்களை அந்த மாடிக்குக் கொண்டுவந்திருந்தது.

அக்கா என்று நான் சொல்வது என் கணவருடைய அண்ணன் மனைவியை. வெண்ணந்தூரில் நெசவுக் குடும்பம் எங்களுடையது. நான் மணமாகிப் போன நாளிலிருந்து அவரும் நானும் ஒரே அடுப்பில் சமைத்தோம், எதிரெதிரே உட்கார்ந்து தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றினோம். அவரைப்போலச் சிரிக்கிற பெண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தறிச் சத்தத்தையும் மீறி அந்தச் சிரிப்பு தெருக்கோடிவரை கேட்கும். நூல் வியாபாரி கொண்டுவரும் சிட்டத்தில் ஓர் இழையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "இது பாவுக்கு நிக்காதுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று ஆண்கள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் அவருக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை கரு தங்கியும் நிலைக்கவில்லை. மூன்றாவதாகத் தங்கியது ஏழாம் மாதத்தை எட்டியிருந்தபோதுதான் இது நேர்ந்தது.

ஒரு காலையில் தறியில் ஏற்ற வேண்டிய நீள நூலைத் தெருவில் பாவாக நீட்டியிருந்தோம். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் அக்கா ஒரு பக்கம் நின்று அறுந்த இழைகளை எடுத்து முடிந்துகொண்டிருந்தார். சட்டென்று இழையை விட்டுவிட்டு, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். பிரசவ வலியோ என்று எல்லோரும் நடுங்கிப்போனோம். மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்து, "இது அந்த வலி இல்ல சாமி, இது வேற" என்றபோது போன உயிர் திரும்பி வந்தது. வேறென்ன என்று அவருக்கும் தெரியவில்லை. வலி வந்தது, விட்டது, மறுபடி வந்தது. வரும்போதெல்லாம் அக்காவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுவார், குனிவார், சுவரைப் பிடிப்பார், படுத்துப் புரளுவார். இராசிபுரத்து டாக்டர் ஒருவர், குடல்வால் வீங்கியிருக்கலாம், அது வெடித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியலில் வைக்கோல் பரப்பிய வண்டியில் மல்லூர் வந்து, அங்கே பஸ் பிடித்துச் சேலம் போனோம். அக்கா, அக்காவின் கணவரான என் மச்சாண்டார், நான், மூன்று பேர். கணவருடைய அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுவது அப்போது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை அக்காவைப் பார்த்துச் சொல்வேன். அது அவர் காதிலும் விழும். அன்றைக்கு அக்கா பேசும் நிலையில் இல்லாததால் வழிநெடுக ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமலே வந்தோம்.

சேலத்தில் நாங்கள் முதலில் போனது ஒரு சர்ஜனிடம். உயரமான, நிதானமான மனிதர். நெடுநேரம் அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "பிள்ளை வளர வளரக் குடல்வால் இருக்கிற இடத்த விட்டு மேல ஏறிடும். அதனால இது குடல்வாலாவும் இருக்கலாம், மூத்திரக் குழாய்ல கல் அடைச்சதாவும் இருக்கலாம். கையால தொட்டு என்னால நிச்சயமாச் சொல்ல முடியல" என்றார். பிறகு மச்சாண்டாரைப் பார்த்து, "எக்ஸ்ரே டாக்டர் வீட்டுக்குப் போய் ஒரு படம் எடுங்க. கல் தெரிஞ்சா பொறுத்துப் பாக்கலாம். தெரியலன்னா குடல்வால்தான், இன்னிக்கே அறுக்கணும். சாயந்தரம் நானே அங்க வந்து படத்தப் பாக்கறேன்" என்றார்.

"அறுத்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று மச்சாண்டார் கேட்டார்.

சர்ஜன் ஒரு சீட்டை எழுதி அவரிடம் நீட்டினார். "முடிஞ்சவரைக்கும் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டுப் படியிறங்கும்போது அக்கா என் தோளை அழுத்திப் பிடித்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மேட்டூர் மின்சாரம் சேலத்துக்கு வந்து அதிக காலம் ஆகாத நாட்கள் அவை. படித்தவர்கள் எக்ஸ்ரே டாக்டர் என்று சொன்னவரை எங்கள் பக்கத்து ஆட்கள் 'போட்டா டாக்டரு' என்பார்கள். மெஷினைக் கப்பலில் தருவித்து மாடியில் நிறுத்தியிருந்தார். கை கால் முறிந்தவர்களுக்கும் காசை விழுங்கிய குழந்தைகளுக்கும் நடுவில், உடம்பில் ஒன்றுமே இல்லாமல் மெஷினைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் யாரையும் விரட்டவில்லை. தம் கையின் படத்தைக் காட்டிய பிறகு கறுப்புத் துணி தொங்கிய அறையையும் திறந்து காட்டினார். ஒரு மேசை, அதன் மேல் வளைந்து நிற்கும் குழாய், தடித்த வயர்கள், முள் ஆடும் ஒரு பெட்டி. புது மாடு பிடித்து வந்த குடியானவரைப்போல ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிச் சொன்னார். மச்சாண்டாரும் தம் கவலையைச் சற்று மறந்து, "இதுல கல்லு தெரியுமுங்களா?" என்று கேட்டார். "கல்லப் பாக்கறதுக்கு இதைவிட வேற என்ன இருக்கு?" என்றார் டாக்டர்.

பெண்கள் வந்தால் முதலில் அவர் மனைவிதான் பார்ப்பார். அவரும் டாக்டர். ஊரில் டாக்டரம்மா என்றால் அவர்தான். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, தாழ்ந்த குரல். சர்ஜன் கொடுத்தனுப்பிய சீட்டை மச்சாண்டார் நீட்டினார். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பெஞ்சில் ஒருக்களித்தார், எழுந்தார், மறுபடி குனிந்தார். ஒரு வலி வந்து தணிகிறவரை டாக்டரம்மா அப்படியே நின்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தொடங்குகிறது, எங்கே போகிறது என்று கேட்டார்.

"இங்க புடிச்சுதுன்னா அப்படியே தொடை வரைக்கும் இழுத்துட்டுப் போவுதுங்க. உட்டா சுத்தமா உட்டுருதுங்க" என்றார் அக்கா.

"குடல்வால் வீங்கினவங்க இப்படிப் புரள மாட்டாங்க. அசைஞ்சாலே உயிர் போகும். அவங்க அசையாமக் கிடப்பாங்க" என்று டாக்டரம்மா தமக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். அக்காவின் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்துவரச் சொன்னார். அதில் நீலக் காகிதம் ஒன்றைத் தோய்த்தார், அது சிவந்தது. "புளிப்பு ஏறியிருக்கு" என்றார். அடியில் தங்கியதில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர், பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த என்னை, "வா, நீயும் பாரு" என்று கூப்பிட்டார்.

ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு வெளிச்ச வட்டம் விரிந்தது. அதற்குள் வெளிர்நிறச் சின்னஞ்சிறு வட்டங்கள் எண்ணிக்கையில்லாமல் கிடந்தன. அவற்றுக்கிடையே மஞ்சளாக, உடைத்த கற்கண்டைப்போலக் கோணமுள்ள பளபளப்பான துணுக்குகள். "வட்டம் எல்லாம் ரத்தம். மஞ்சளா இருக்கிறது உப்பு. கல் உரசினாத்தான் இவ்வளவு ரத்தம் வரும்" என்றார் டாக்டரம்மா. கண்ணை எடுக்கவே எனக்கு மனமில்லை. எங்கள் அக்காவின் உடம்புக்குள் இப்படி ஓர் உலகம் மின்னிக்கொண்டிருந்தது என்று யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குள் எக்ஸ்ரே டாக்டர் எல்லாம் தயார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கணவனும் மனைவியும் எங்கள் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். சண்டை இல்லை, ஆனால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"கல்லுன்னுதான் எனக்குப் படுது. படம் வேண்டாம்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டரம்மா.

"உனக்குப் படறது போதாதே. சர்ஜன் நிச்சயமாத் தெரியணும்னு கேக்கறாரே."

"வயித்துல ஏழு மாசப் பிள்ளை இருக்கு. அதோட எலும்பும் படத்துல விழும். சின்னக் கல் அதுக்குப் பின்னால மறைஞ்சா என்ன செய்வீங்க?"

"மருந்து ஊசி போட்டு எடுக்கலாம். குழாய் எங்க அடைச்சிருக்குன்னு பளிச்சுனு தெரியும்."

"அதுக்கு ஒரு படம் போதாது, திரும்பத் திரும்ப எடுக்கணும். சிகிச்சைக்குன்னு நிறையக் கதிர் வாங்கின தாய்மாருக்குத் தலை சிறுத்த குழந்தைங்க பிறந்ததாப் படிச்சிருக்கேன். ஒரு படத்தால அப்படி ஆகுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் யோசிக்கிறேன்."

மச்சாண்டாருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "ஏனுங்க, படம் புடிக்கத்தானுங்க இத்தன தூரம் வந்தது. புடிக்காம எப்படிங்க தெரியும்?" என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவ்வளவு பெரிய மெஷின் பக்கத்து அறையில் நிற்கும்போது, நீலக் காகிதத்தையும் ஒரு சொட்டுச் சிறுநீரையும் நம்பு என்றால் யார்தான் நம்புவார்கள்? எனக்குக்கூடப் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்புதான் இருந்தது.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?" என்றார். இரண்டு நாளாக எத்தனையோ பேர் அக்காவைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சாயந்தரம் வரைக்கும் நான் தாங்கிக்கறனுங்க டாக்டரம்மா. அதுக்குள்ள ஏதாச்சும் வழி பண்ணுங்க" என்றார்.

அப்படியே முடிவாயிற்று. காய்ச்சல் வந்தாலோ, குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்காவிட்டாலோ, வயிறு தொட முடியாமல் இறுகினாலோ ஒரே ஒரு படம். அதற்கு மேல் இல்லை என்று டாக்டரம்மா கணவரிடம் சொன்னார். அவரும் ஒப்புக்கொண்டார். வலிக்கு ஓர் ஊசி போட்டார்கள். புளிப்பை முறிக்க ஒரு மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். நான் சொம்பு சொம்பாகப் பார்லிக் கஞ்சித் தண்ணீர் ஊட்டினேன். வலி தணிந்த நேரத்தில் அக்காவைக் கைத்தாங்கலாக மாடி வராந்தாவில் நடத்தினேன். எனாமல் பேசினில் துணி கட்டி, சிறுநீரை அதில்தான் பிடிக்க வேண்டும், கல் வந்தால் தவறக் கூடாது என்று என்னிடம் ஒப்படைத்தார் டாக்டரம்மா. ஒவ்வொரு முறையும் அந்தத் துணியைச் சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் மச்சாண்டார் வராந்தாக் கோடியிலிருந்து என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவரும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அப்படித்தான் தொடங்கியது.

வெயில் சாயும் நேரத்தில் டாக்டரம்மா தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "லேசாச் சூடு ஏறியிருக்கு" என்றார். கணவரைப் பார்த்து, "ஒரு படம்" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு சொற்களைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்கே தெரிந்தது.

அறைக்குள் விளக்கு எரிந்தது. அக்காவை மேசையில் படுக்கவைத்தார்கள். எக்ஸ்ரே டாக்டர் பிலிம் போட்ட தட்டை முதுகுக்குக் கீழே செருகினார். குழாயை இறக்கினார், நகர்த்தினார், மறுபடி அளந்தார். என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். மெஷின் உறுமத் தொடங்கியது. இப்போது தெரிந்துவிடும், இப்போது தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "டாக்டரம்மா, கொஞ்சம் இறங்கறனுங்க. அடக்க முடியல."

ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள் என்று எக்ஸ்ரே டாக்டர் சொன்னார். டாக்டரம்மா, "இறங்கட்டும்" என்றார். படம் எடுக்கும் முன்பே உறுமல் நின்றது. பேசினை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பல்லைக் கடித்தார், சட்டென்று அவர் பிடி தளர்ந்தது. "போச்சு" என்றார். "என்ன போச்சு?" என்றேன். "வலி போச்சுடி."

துணியைத் தூக்கிக்கொண்டு விளக்கடிக்கு வந்தேன். நடுவில், கம்பு மணி அளவில், செங்கல் நிறத்தில் ஒரு பொடிக் கல் கிடந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நான் வெளியே ஓடி, வழக்கத்தையெல்லாம் மறந்து, மச்சாண்டாரின் முகத்துக்கு நேராக, "கல்லு வந்துருச்சுங்க மாமா" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே அக்கா தம் பழைய சிரிப்பைச் சிரித்தார். காத்திருந்தவர்கள் எல்லோரும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். அடுத்து அக்கா கேட்டது, சாப்பிட என்ன இருக்கிறது என்று.

எக்ஸ்ரே டாக்டருக்கு மட்டும் ஒரு சின்ன ஏக்கம் இருந்தது. "பிலிம் தட்டுல போட்டாச்சு. கல்லையாவது படம் எடுக்கறேன்" என்றார். கல்லை வெறுமனே வைத்தால் போதாது, வயிற்றுக்குள் இருப்பதுபோல வைக்க வேண்டும் என்று, ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில் தண்ணீரை நிரப்பிவரச் சொன்னார். தட்டின்மேல் அக்காவின் கல்லை வைத்தார். பக்கத்தில், வேறொருவரிடமிருந்து எடுத்துப் புட்டியில் வைத்திருந்த அதே அளவுள்ள ஒரு கல்லையும், தம் மேசைச் சாவியையும் வைத்தார். எல்லாவற்றின்மேலும் தண்ணீர்ப் பை. சுவிட்சைப் போட்டார். பிறகு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா இட்லி சாப்பிட்டபடியே அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொட்டச் சொட்டப் பிலிமைக் கொண்டுவந்து விளக்குக்கு எதிரே பிடித்தார். சாவி பல்லும் வளையமுமாகத் துலக்கமாக இருந்தது. புட்டிக் கல் வெள்ளைப் புள்ளியாக நின்றது. அக்காவின் கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. "யாராவது கல்லை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தோம். பையின் அடியில் வைத்த இடத்திலேயே இருந்தது. இடத்தை மாற்றி வைத்து இன்னொரு படம் எடுத்தார். அதிலும் சாவி இருந்தது, புட்டிக் கல் இருந்தது, அக்காவின் கல் இல்லை.

கணவனும் மனைவியும் இரண்டு பிலிம்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா, "சில கல் கதிரை மறிக்காது. படிச்சிருக்கோம்" என்றார்.

"படிச்சிருக்கோம்" என்றார் எக்ஸ்ரே டாக்டரும்.

"காலையில ரெண்டு பேருக்குமே அது தோணலியே" என்றார் டாக்டரம்மா.

அந்த நேரத்தில் சர்ஜன் படியேறி வந்தார். படம் எங்கே என்றார். எக்ஸ்ரே டாக்டர் ஈரப் பிலிமை நீட்டினார். சாவியைக் கண்டு சர்ஜன் புருவத்தை உயர்த்தினார். "இதென்ன, ஒரு கல்லும் ஒரு சாவியும்?" என்றார். டாக்டரம்மா அக்காவின் கல்லை அவர் உள்ளங்கையில் வைத்து, "இதுவும் அதுல இருக்கு சார். இந்தம்மாவோடது" என்றார். சர்ஜன் பிலிமைப் பார்த்தார், கையைப் பார்த்தார், சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து கை நக்கிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "படத்துல கல் இல்லன்னு நான் இந்நேரம் கத்திய எடுத்திருப்பேன்" என்று மெல்லச் சொன்னார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு பெண் டாக்டரை அப்படிக் கும்பிட்டதைப் பார்த்து என் உடம்பு சிலிர்த்தது.

அந்த இரவு அங்கேயே தங்கினோம். காலையில் அக்காவுக்குச் சூடு தணிந்திருந்தது. நிறையத் தண்ணீர் குடி, மருந்தை விடாதே என்று சொல்லி அனுப்பினார்கள். இன்றைக்கு நாமக்கல்லில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு விலாவில் வலி என்றால் ஒலி அலைக் கருவியை வயிற்றின்மேல் வைத்துத் திரையிலேயே பார்த்துவிடுகிறார்கள்; கதிரும் இல்லை, இருட்டறையும் இல்லை. நான்கூட ஒருமுறை எங்கள் வீட்டுப் பெண்ணோடு போய் அந்தத் திரையைப் பார்த்து வியந்து நின்றேன். ஆனாலும் எந்தப் படத்தை எடுப்பது, எதை விடுவது என்று அங்கிருந்த பெண் டாக்டர் ஒரு கணம் யோசித்ததைக் கண்டபோதுதான் எனக்கு டாக்டரம்மாவின் முகம் கண்முன் வந்தது. கருவிகள் எத்தனை வந்தாலும், தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று அறிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டியிருக்கிறது.

அக்காவுக்கு மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. தலைநிறைய முடி, ஊரையே எழுப்பும் குரல். எக்ஸ்ரே டாக்டர் அந்த இரண்டு பிலிம்களில் ஒன்றை அக்காவுக்கே கொடுத்திருந்தார். போட்டா டாக்டரிடம் போய்வந்த சேதி தெரிந்து தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடிப்பார். சாவியையும் புட்டிக் கல்லையும் தாண்டி விரலைக் கொண்டுபோய், வெறுமையாக இருந்த இடத்தில் வைத்து, "இங்க இருக்குது பாருங்க, இதுதான் என்ற கல்லு" என்பார். பெரியவர்கள் எல்லோரும் உற்றுப் பார்த்து, "ஆமாங்க, தெரியுதுங்க" என்பார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிறுமி மட்டும், "ஒண்ணும் தெரியலீங்களே பெரியம்மா" என்றாள்.

"தெரியாது சாமி, எனக்கும் தெரியாது. ஆனா அங்கதான் இருக்குது" என்றார் அக்கா. அதற்குள் குழந்தை பிலிமின் ஓரத்தைப் பிடித்திழுத்து வாயில் வைத்துக்கொண்டது.